மாதவிடாய் வலியும் உதிரப்போக்கும்: எது சாதாரணம், எப்போது டாக்டரைப் பார்ப்பது? முழுமையான வழிகாட்டி

"எல்லாப் பொம்பளைங்களுக்கும் வர்றதுதானே" என்ற ஒரு வாக்கியத்தால் இரண்டு கெடுதல்கள் நடக்கின்றன. நல்ல மருந்து இருக்கும் சாதாரண வலிக்குக்கூடப் பெண்கள் மருந்து எடுக்காமல் சுருண்டு கிடக்கிறார்கள். சாதாரணமில்லாத வலியும் போக்கும் வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் போகின்றன. எது எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு காலண்டரும் பேனாவும் போதும். மூன்று மாதம் எண்ணிக்கையாக எழுதி வைத்தால், டாக்டரிடம் போக வேண்டுமா என்பதும் அங்கே என்ன சொல்ல வேண்டும் என்பதும் தானாகத் தெளிவாகிவிடும்.

அதற்கு முன்னால், காத்திருக்கவே கூடாத நிலைமைகள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

- ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுதாக நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால்.
- எழுந்து நின்றால் மயக்கம், படபடப்பு, மூச்சு வாங்குதல், உடம்பு சில்லென்று வெளிறிப்போதல்.
- நாள் தள்ளிப் போயிருந்து, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி. கூடவே தோள்பட்டை நுனியில் வலியோ மயக்கமோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கருக்குழாயில் கரு தங்கி வெடித்திருக்கலாம். போக்கு கொஞ்சமாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், ரத்தம் வயிற்றுக்குள் கசிந்துகொண்டிருக்கும்.
- வலியோடு காய்ச்சலும், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும்.
- டாம்பன் அல்லது மென்ஸ்ட்ருவல் கப் வைத்திருக்கும்போது திடீரென்று அதிகக் காய்ச்சல், வாந்தி, தோலில் வெயிலில் எரிந்தது போலச் சிவப்பு. முதலில் அதை வெளியே எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.
- டெங்கு இருக்கும்போதோ, இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போதோ வழக்கத்தைவிட அதிகப் போக்கு.

இவற்றுக்கு 108 அழைப்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். கீழே சொல்பவை எல்லாம் உட்கார்ந்து நிதானமாகச் செய்ய வேண்டியவை.

வயிறு ஏன் இப்படிப் பிசைகிறது?

கர்ப்பப்பையின் உட்படலம் உதிரும்போது அதிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாகிறது. அது கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிழிய வைக்கிறது. பிழியும் வேகத்தில் தசைக்குள் ஓடும் ரத்தக் குழாய்களும் நெரிபடுவதால் தசைக்கு ரத்தம் குறைகிறது, வலிக்கிறது. இதே பொருள் குடலையும் தூண்டும். முதல் நாள் வயிறு கலக்கிக்கொண்டு நாலைந்து முறை போவது, குமட்டல், வாந்தி, தலைவலி எல்லாம் இதன் வேலைதான். "வெளியில் சாப்பிட்டது ஒத்துக்கல" என்று தனியாக ஒரு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்தச் சாதாரண வலிக்கு ஒரு தெளிவான ஒழுங்கு உண்டு. வயசுக்கு வந்து ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துத் தொடங்கும். ஒவ்வொரு மாதமும் போக்கு ஆரம்பிக்கும்போதோ அதற்குச் சில மணி நேரம் முன்போ வரும். முதல் 24 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். நடு அடிவயிற்றில் விட்டுவிட்டுப் பிசையும், இடுப்பிலும் தொடையிலும் இறங்கும். எவ்வளவு வலிக்கிறது என்பதைவிட இந்த ஒழுங்கு இருக்கிறதா என்பதுதான் முக்கியம். துடிக்க வைக்கும் வலியும் சாதாரண வகையாக இருக்கலாம். மிதமான வலி ஒழுங்கு மாறினால் நோயின் அடையாளமாக இருக்கலாம்.

படி 1: மூன்று மாதம் எழுதுங்கள்

போக்கு தொடங்கிய முதல் நாளை 1 என்று குறியுங்கள். அடுத்த மாதவிடாயின் முதல் நாளுக்கு முந்தைய நாள் வரை எண்ணினால் அதுதான் உங்கள் சுழற்சி. போக்கு நின்ற நாளிலிருந்து எண்ணுவது பலரும் செய்யும் பிழை. அப்படி எண்ணினால் 28 நாள் சுழற்சி 23 நாளாகத் தெரியும், "மாசத்துக்கு ரெண்டு தடவ வருது" என்று பயம் வரும்.

தினமும் நாலு விஷயம் போதும்: எத்தனை பேட், ஒவ்வொன்றும் எவ்வளவு நனைந்தது, வலி பத்துக்கு எத்தனை, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு. அன்று வேலைக்கோ பள்ளிக்கோ போகவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். இடையில் சொட்டுச் சொட்டாகப் பட்டால், உறவுக்குப் பிறகு பட்டால், மலம் கழிக்கும்போது வலித்தால் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். பின்னால் அதற்கு நிறைய மதிப்பு உண்டு.

படி 2: உங்கள் கணக்கை இயல்போடு ஒப்பிடுங்கள்

வளர்ந்த பெண்களுக்கு 24 முதல் 38 நாளுக்கு ஒருமுறை வருவது இயல்பு. 28 நாள் என்பது சராசரிதான், சட்டம் கிடையாது. போக்கு எட்டு நாளுக்கு மேல் நீடிக்கக் கூடாது. வயசுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருடம் பெண் பிள்ளைகளுக்கு 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். கருமுட்டை மாதந்தோறும் ஒழுங்காக வெளிவரும் பழக்கம் அப்போது முழுதாக ஏற்பட்டிருக்காது. மூன்று மாதம் வராமலே இருந்தால் மட்டும் காட்டுங்கள்.

ஒரு மாதவிடாயில் வெளியேறும் ரத்தம் சராசரியாக 30 முதல் 40 மி.லி.தான், இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவு. 80 மி.லி.க்கு மேல் போவதை அதிகப் போக்கு என்று நீண்ட காலமாக வரையறுத்து வந்தார்கள். இப்போது மருத்துவர்கள் மில்லியைவிட, உங்கள் அன்றாடத்தை அது கெடுக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். இரவில் அலாரம் வைத்து எழுந்து பேட் மாற்றுகிறீர்களா? இரண்டு பேட் சேர்த்து வைக்கிறீர்களா? பஸ்ஸில் உட்காரப் பயந்து நின்றுகொண்டே போகிறீர்களா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அது அதிகப் போக்குதான்.

படி 3: போக்குக்கு மதிப்பெண் போடுங்கள்

ரத்தத்தை வீட்டில் அளக்க முடியாது என்பதால் மருத்துவத்தில் ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறார்கள். லேசாகப் பட்ட பேட் 1. நடுவில் நன்றாக நனைந்தது 5. முழுதாக ஊறியது 20. சிறிய ரத்தக் கட்டி 1, பெரிய ரத்தக் கட்டி 5. உடை நனையும்படி ஒரேயடியாகக் கொட்டினால் 5. ஒரு மாதவிடாய் முழுவதுக்கும் கூட்டியது 100ஐத் தாண்டினால் 80 மி.லி.க்கு மேல் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

ஓர் உதாரணக் கணக்கு. முதல் நாள் நடுத்தரமாக நனைந்த மூன்று பேட்: 15. இரண்டாம் நாள் முழுதாக ஊறியது நாலு, நடுத்தரம் இரண்டு, பெரிய கட்டி ஒன்று: 80 கூட்டல் 10 கூட்டல் 5, ஆக 95. மூன்றாம் நாள் ஊறியது ஒன்று, நடுத்தரம் மூன்று: 35. நாலாம் நாள் லேசாக மூன்று, ஐந்தாம் நாள் லேசாக இரண்டு: 5. மொத்தம் 150. ஐந்தே நாளில் நின்றுவிட்டதால் இந்தப் பெண் "எனக்கு நார்மலாத்தான் போகுது" என்பார். நாள் கணக்கு இயல்புதான், இரண்டாம் நாள்தான் வில்லன்.

கட்டிக்கு அளவு பார்க்கப் பத்து ரூபாய் நாணயம் சரியாக இருக்கும். அதன் குறுக்களவு 27 மி.மீ. அந்த அளவு கட்டி அடிக்கடி விழுந்தால் காட்ட வேண்டும். காலையில் எழுந்ததும் வரும் சின்னச் சின்னக் கட்டிகள் பெரும்பாலும் படுத்திருந்தபோது தேங்கி உறைந்தவை, பயம் வேண்டாம்.

ஜெல் உள்ள இன்றைய பேட்கள் மேலே உலர்ந்த மாதிரியே தெரியும், ஆகவே தூக்கிப் பார்த்துக் கனத்தையும் கணக்கில் எடுங்கள். துணி பயன்படுத்துபவர்களுக்கு இந்த மதிப்பெண் சரிவராது. எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற நேர்கிறது என்பதை எழுதினால் போதும். கப் பயன்படுத்துபவர்களுக்கு வேலை சுலபம், பல கப்களில் மி.லி. கோடே இருக்கும்.

படி 4: வலிக்கு மாத்திரையைச் சரியான நேரத்தில் எடுங்கள்

இபுப்ரூஃபன், மெஃபனமிக் ஆசிட், நாப்ராக்சன் ஆகியவை புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுப்பவை. ஏற்கனவே உருவாகிவிட்டதை அவற்றால் அழிக்க முடியாது. "தாங்கிப் பார்க்கலாம், முடியலைன்னா போட்டுக்கலாம்" என்று மதியம் வரை காத்திருந்து ஒரே ஒரு மாத்திரை போட்டுவிட்டு "எனக்கு மாத்திரையே கேக்காது" என்பவர்கள் மருந்து தோற்கும்படியான நேரத்தில்தான் அதை எடுத்திருக்கிறார்கள்.

போக்கு தொடங்கியதும், முடிந்தால் அடிவயிறு கனக்கும்போதே, முதல் மாத்திரையைப் போடுங்கள். வலி வந்த பிறகுதான் என்று இல்லாமல், முதல் இரண்டு மூன்று நாள் மணிக்கணக்குப்படி எடுங்கள். வளர்ந்த பெண்களுக்கு வழக்கமான அளவு: இபுப்ரூஃபன் 400 மி.கி. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, டாக்டர் சொல்லாமல் நாளுக்கு 1200 மி.கி.யைத் தாண்டக் கூடாது. அல்லது டாக்டர் எழுதித் தந்த மெஃபனமிக் ஆசிட் 500 மி.கி. நாளுக்கு மூன்று வேளை. இரண்டில் ஒன்றுதான், சேர்த்து எடுக்கக் கூடாது. கிளினிக்கில் டைக்ளோஃபினாக் ஊசி போட்டுக்கொண்டிருந்தாலும் அதுவும் இதே குடும்பம்தான், அன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழே எடைக்கேற்ற அளவை டாக்டர் சொல்லட்டும்.

வெறும் வயிற்றில் வேண்டாம். காலையில் சாப்பிட முடியவில்லை என்றால் இரண்டு இட்லி, ஒரு டம்ளர் மோர்சாதம், எதுவோ ஒன்று.

கடைகளில் பீரியட்ஸ் வலிக்கென்றே பிரபலமாக இருக்கும் கூட்டு மாத்திரையில் மெஃபனமிக் ஆசிட் 250 மி.கி.யும், தசைப்பிடிப்பைத் தளர்த்தும் டைசைக்ளோமின் 10 மி.கி.யும் இருக்கின்றன. மெஃபனமிக் அளவு பாதிதான், டைசைக்ளோமினால் வாய் வறண்டு தூக்கம் வேறு வரும். பரீட்சை எழுதும் பிள்ளைக்கு அது சரிப்படாது. தனி மெஃபனமிக் அல்லது இபுப்ரூஃபன் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மெஃபனமிக் ஆசிட் மிக அரிதாகத் தீவிர ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. மருந்து எடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு தோலில் தடிப்பு, முகவீக்கம், கழுத்தில் நெரிகட்டுதல் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டுப் போய்க் காட்டுங்கள்.

இந்த வகை மாத்திரைகள் யாருக்கு ஆகாது? குடல்புண், சிறுநீரக நோய், ஆஸ்பிரின் எடுத்தால் இழுப்பு வரும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவர்களுக்கு. காய்ச்சல் இருந்தால் டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை யாருக்குமே வேண்டாம். அவர்களுக்கெல்லாம் பாராசிட்டமால் இருக்கிறது: ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மி.கி., நாளுக்கு 3 கிராமுக்குள். பலன் கொஞ்சம் குறைவுதான்.

வெந்நீர் ஒத்தடத்தைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டாம், உண்மையிலேயே வேலை செய்யும். கொதிநீர் ஊற்றக் கூடாது. பையைத் துண்டில் சுற்றி, கை பொறுக்கும் சூட்டில் 15, 20 நிமிடம். மாதக்கணக்கில் அதிகச் சூடாக ஒரே இடத்தில் வைத்தால் வயிற்றில் வலை போன்ற பழுப்புக் கோடுகள் விழும். வாரத்துக்கு மூன்று நாள் 45 நிமிடம் வேக நடையோ வேறு உடற்பயிற்சியோ செய்தால் இரண்டு மூன்று மாதத்தில் வலி குறையும். சுக்கும் இஞ்சியும் ஓரளவு உதவலாம் என்று சிறு ஆய்வுகள் உண்டு, இஞ்சி டீ குடிப்பதில் தவறில்லை. குளிக்காதே, தலைக்கு ஊற்றாதே, தயிர் சாப்பிடாதே என்பவற்றுக்கும் வலிக்கும் சம்பந்தம் இல்லை.

சரியான அளவில், சரியான நேரத்தில் மூன்று மாதம் எடுத்தும் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியவில்லை என்றால் வீட்டு வைத்தியம் அத்தோடு முடிந்தது. அடுத்த படிக்குப் போங்கள்.

படி 5: சாதாரணமில்லை என்று காட்டும் அடையாளங்கள்

வலி 25, 30 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கினால், அல்லது வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போனால், கர்ப்பப்பைக்கு உள்ளேயோ வெளியேயோ வேறு காரணம் இருக்கலாம். மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பே வலி வருவது, போக்கு நின்ற பிறகும் தொடர்வது, மலம் கழிக்கும்போதும் சிறுநீர் கழிக்கும்போதும் அந்த நாட்களில் மட்டும் வலிப்பது, உறவின்போது ஆழத்தில் வலிப்பது: இவை எண்டோமெட்ரியோசிஸைச் சுட்டுபவை. கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய படலத்தைப் போன்ற திசு வெளியே சினைப்பையிலும் குடல் மேலும் வளர்வதுதான் அது. இனப்பெருக்க வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். ஸ்கேன் சுத்தமாக இருப்பதாலேயே எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று ஆகிவிடாது. ஸ்கேனைப் பார்த்து "ஒண்ணுமில்ல, மனசுதான் காரணம்" என்று அனுப்பப்பட்டால் வேறு மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.

கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், குழந்தை பிறந்தால் போய்விடும் என்பார்கள். சாதாரண வலி பிரசவத்துக்குப் பின் பலருக்குக் குறைவது உண்மைதான். அதை நம்பி எண்டோமெட்ரியோசிஸைத் தள்ளிப்போடுவது ஆபத்து, குழந்தை நிற்பதையே அது தாமதப்படுத்தக் கூடும்.

40ஐ ஒட்டிய வயதில் போக்கும் வலியும் சேர்ந்து கூடினால் அடினோமயோசிஸோ (உட்படலத் திசு கர்ப்பப்பைத் தசைக்குள் வளர்வது) ஃபைப்ராய்டு கட்டியோ (கர்ப்பப்பைத் தசையில் வளரும், புற்றுநோய் அல்லாத கட்டி) இருக்கலாம். ஃபைப்ராய்டில் அளவைவிட இடம்தான் முக்கியம். கர்ப்பப்பையின் உட்குழிக்குள் துருத்தும் 2 செ.மீ. கட்டி வெள்ளமாகப் போக வைக்கும், வெளிப்பக்கம் தொங்கும் 6 செ.மீ. கட்டி சத்தமில்லாமல் இருக்கும். காப்பர்-டி போட்டவர்களுக்கு முதல் மூன்று முதல் ஆறு மாதம் போக்கும் வலியும் கூடுவது எதிர்பார்த்ததுதான். அதற்குப் பிறகும் அடங்காவிட்டால் அது சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்மேல் பழி போடுவது நம் ஊரில் வழக்கம். கருக்குழாயைக் கட்டுவது போக்கை அதிகமாக்குவதில்லை. பெரும்பாலும் அதுவரை கருத்தடை மாத்திரை குறைத்து வைத்திருந்த போக்கு பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும், அல்லது வயது கூடக்கூடப் புதுக் காரணம் வந்திருக்கும்.

சிறுமிகள் விஷயத்தில் இரண்டைக் கவனியுங்கள். முதல் மாதவிடாயிலிருந்தே வெள்ளமாகப் போய், அடிக்கடி மூக்கில் ரத்தம் வடிந்து, லேசாக இடித்தாலே கன்றிப்போய், பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காமல் இருந்தால், ரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கலாம். வான் வில்லிபிராண்ட் நோய் அதில் முதன்மையானது. குடும்பத்தில் அம்மாவுக்கும் அப்படியே போகும் என்றால் "எங்க பரம்பரையே இப்படித்தான்" என்று விடாமல், அதையே டாக்டரிடம் முதல் வரியாகச் சொல்லுங்கள். அடுத்தது, 14, 15 வயதாகியும் வயசுக்கு வராத பிள்ளைக்கு மாதாமாதம் சில நாள் அடிவயிறு வலித்தால், ரத்தம் வெளியேற வழி அடைத்திருக்கலாம். பெரும்பாலும் சின்ன அறுவை சிகிச்சையில் சரியாகும்.

மாதவிடாய் முழுதாக நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரே ஒரு துளி பட்டாலும் அந்த வாரமே போய்க் காட்டுங்கள். நம் நாட்டில் மாதவிடாய் சராசரியாக 46 வயதையொட்டி நிற்கிறது. நின்ற பிறகு படுவதில் பெரும்பாலானவை சாதாரணக் காரணங்கள்தான், ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் தன்னைக் காட்டிக்கொடுப்பதும் இப்படித்தான். 45 வயதுக்கு மேல் ஒழுங்கில்லாமல் அதிகமாகப் போனாலும் "நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று காத்திருக்கக் கூடாது. உறவுக்குப் பின் பட்டால் எந்த வயதிலும் கர்ப்பப்பை வாயைப் பரிசோதிக்க வேண்டும்.

படி 6: ரத்தசோகையைப் பாருங்கள்

அதிகப் போக்கு சத்தமில்லாமல் செய்யும் கெடுதல் இதுதான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாடி ஏறினால் மூச்சு வாங்குதல், முடி கொட்டுதல், எதிலும் பிடிப்பில்லாத அசதி இதன் முகங்கள். இன்னொரு அடையாளம் நம் வீடுகளில் கேலிப் பேச்சாகப் போய்விடுகிறது: பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்வது, சாக்பீஸ், விபூதி, ஐஸ் கட்டி மீது அடக்க முடியாத ஆசை. இரும்புச்சத்து தீர்ந்துபோன உடம்பு அப்படி நடந்துகொள்ளும்.

ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. 12.2 இருந்தாலும் நிம்மதியடைய வேண்டாம், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையையும் பாருங்கள். அது 30க்குக் கீழே போயிருந்தால் சேமிப்பு காலி, ஹீமோகுளோபின் பின்னாலேயே இறங்கும்.

எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், உளுந்தங்களி எல்லாம் நல்ல உணவுகள். காலியான இரும்பை நிரப்ப அவை போதா, மாத்திரை வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மாத்திரை எடுத்தால் உடம்பு நன்றாக உறிஞ்சிக்கொள்ளும், வயிற்றுத் தொந்தரவும் குறையும். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஏதாவதோடு எடுங்கள். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளி. காலை காபியோடு இரும்பு மாத்திரை போடுவதுதான் "மாசக்கணக்கா சாப்பிடறேன், ஏறவே மாட்டேங்குது" என்பதற்கு முதல் காரணம். இரண்டாவது காரணம் போக்கை நிறுத்தாமல் இரும்பை மட்டும் ஊற்றிக்கொண்டிருப்பது. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 முதல் 2 கிராம் ஏற வேண்டும், 12 ஆன பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். ஏறவில்லை அல்லது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம்.

படி 7: டாக்டரிடம் என்ன சொல்வது, என்ன எதிர்பார்ப்பது

கூட்டமான ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். "ரொம்பப் போகுது டாக்டர்" என்றால் ஒரு மாத்திரைச் சீட்டோடு வெளியே வந்துவிடுவீர்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "29, 30 நாளைக்கு ஒரு தடவ வருது. அஞ்சு நாள் போகுது. ரெண்டாவது நாள் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் ஊறிடுது, பத்து ரூபா காயின் அளவு கட்டி விழுது. ஆறு மாசமாத்தான் இப்படி. இபுப்ரூஃபன் 400 மூணு வேளை எடுத்தும் ஒரு நாள் லீவு போட வேண்டியிருக்கு." காலண்டரையும் நீட்டுங்கள். எடுக்கும் மற்ற மருந்துகள், காப்பர்-டி, சிசேரியன், குழந்தை வேண்டுமா என்ற எண்ணம், இவற்றையும் அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

பெரும்பாலும் முதலில் முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டு, சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. இந்தக் கடைசி ஒன்றைப் பார்த்து யாரும் கோபப்பட வேண்டாம், போக்கோடு வருபவர்களுக்கு எல்லாம் செய்வது அது. பிறகு ஸ்கேன். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும், ஒரு மணி நேரம் முன்பே நாலைந்து டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொள்ளுங்கள். பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் ஸ்கேனுக்குச் சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும். கல்யாணமாகாத பெண்களுக்கு வயிற்றின் மேல் ஸ்கேனே வழக்கம். உள்பரிசோதனை எதுவானாலும் உங்கள் சம்மதம் வேண்டும், கூட ஒரு பெண் ஊழியர் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். 45 வயதுக்கு மேல், அல்லது உடல் பருமனோ பி.சி.ஓ.எஸ்.ஸோ (சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லப்படும் ஹார்மோன் கோளாறு) இருந்து மாதவிடாய் நீண்ட காலம் ஒழுங்கில்லாமல் இருந்தால், கர்ப்பப்பை உட்படலத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பயாப்சிக்கு அனுப்புவார்கள்.

படி 8: சிகிச்சைகளைப் புரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள்

ட்ரானெக்சாமிக் ஆசிட் ஹார்மோன் அல்ல. போக்குள்ள நாட்களில் மட்டும் 1 கிராம் மூன்று வேளை, நாலைந்து நாள் வரை எடுப்பது. போக்கு ஏறக்குறைய பாதியாகக் குறையும், வலி குறையாது. காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் கூடாது. கருத்தடை மாத்திரை வலி, போக்கு இரண்டையும் குறைக்கும். கண் முன்னால் மின்னலடித்து வரும் ஒற்றைத் தலைவலி, ரத்த அழுத்தம், ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த வகை ஆகாது. கல்யாணமாகாத பெண்ணுக்கு இதை எழுதினால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். அவளுக்கு அது வலி மருந்து, அவ்வளவுதான். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த ஆர்மெலாக்சிஃபீன் ஹார்மோன் இல்லாத மாத்திரை, முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு முறை, பிறகு வாரமொரு முறை. அரசு மருத்துவமனைகளில் கருத்தடைக்காகத் தருவது, அதிகப் போக்குக்கும் எழுதுகிறார்கள்.

கர்ப்பப்பைக்குள் வைக்கும் மிரீனா போன்ற ஹார்மோன் சாதனம் போக்கைக் குறைப்பதில் மாத்திரைகளை எல்லாம் மிஞ்சும். ஐந்து வருடம் வேலை செய்யும். முதல் மூன்று முதல் ஆறு மாதம் விட்டுவிட்டுச் சொட்டுச் சொட்டாகப் படும். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால்தான் பலர் இரண்டே மாதத்தில் எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

கோயில் திருவிழா, கல்யாணம் என்றால் நாள் தள்ளிப்போட நோர்எதிஸ்டிரோன் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்குவது சகஜமாகிவிட்டது. எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்கினால்தான் பலிக்கும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் போக்கு வரும், அது வழக்கத்தைவிடக் கனமாக இருக்கலாம். அது கருத்தடை மாத்திரையும் அல்ல. ரத்தம் உறையும் அபாயம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. வருடத்துக்கு நாலைந்து முறை எடுத்துவிட்டு "எனக்கு டேட்டே சரியா வரல" என்பவர்களின் மாதவிடாய் அட்டவணையை இனி யாராலும் படிக்க முடியாது.

கடைசியாக, "குழந்தை ரெண்டு பெத்தாச்சு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்ற ஆலோசனை. தேவையில்லாத கர்ப்பப்பை நீக்க ஆபரேஷன்களைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மாநிலங்கள் அதை மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டது. ஆபரேஷனே வேண்டாம் என்று இல்லை. புற்றுநோய்க்கும், மற்ற எதற்கும் அடங்காத பெரிய ஃபைப்ராய்டுக்கும், அடினோமயோசிஸுக்கும் அது நல்ல தீர்வு. ஆனால் மருந்தோ ஹார்மோன் சாதனமோ முயன்று பார்க்காமல், பயாப்சி இல்லாமல், "விட்டா கேன்சர் ஆயிடும்" என்ற பயமுறுத்தலில் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் கேட்க வேண்டியவை: என் நோயின் பெயர் என்ன, மாற்று வழி என்ன, அது ஏன் எனக்குச் சரிவராது, சினைப்பைகளை விட்டுவைப்பீர்களா? இன்னொரு மகளிர் மருத்துவரிடம், முடிந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், இதே ரிப்போர்ட்டுகளைக் காட்டி ஒரு வார்த்தை கேளுங்கள். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும்போது பயாப்சி முடிவும், சினைப்பைகள் இருக்கின்றனவா எடுக்கப்பட்டனவா என்ற குறிப்பும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுத்தில் இருக்க வேண்டும். சினைப்பைகளையும் 45 வயதுக்கு முன் எடுத்திருந்தால் எலும்புத் தேய்மானத்துக்கும் இதயத்துக்கும் ஹார்மோன் சிகிச்சை பற்றி அந்த வாரமே பேச வேண்டியிருக்கும்.